முப்பதுக்கு மூன்று: காலிலிருந்து கைக்கு ஒரு விரல்

"கை போனது பத்தாதுன்னு காலும் போகோணுமாங்க?"

கேட்டது அம்மா. மகன் வாய் திறக்கவில்லை. வலது கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலிலிருந்து ஒரு விரலை எடுத்துக் கையில் கட்டைவிரலாக வைக்கலாம் என்று சர்ஜன் அப்போதுதான் விளக்கி முடித்திருந்தார். படம் வரைந்த தாள் மேசை மேல் கிடந்தது. படத்தில் எல்லாம் எளிதாகத்தான் தெரிந்தது.

நான் கைச் சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். சர்ஜன் தைத்து முடித்த பிறகுதான் என் வேலை ஆரம்பம் என்றாலும், முடிவெடுக்கும் நாளில் என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் இளைஞர் ஒரே ஆள் அல்ல. சில பேருடைய நிலைமைகளைச் சேர்த்து ஒருவராக்கி, வயது, ஊர், சம்பளம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். மருத்துவத்திலும் சட்டத்திலும் மட்டும் கை வைக்கவில்லை.

வயது 26. வலக்கைப் பழக்கம். கோவைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். அந்த மாதிரி மெஷினில் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்கு, அதாவது மேலிருந்து இறங்கும் அச்சுக்கு, அடியில் இருக்க முடியாது, அவ்வளவுதான் அதன் தத்துவம். ஆனால் அப்படி ஓட்டினால் ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு ஏறாது. பட்டனைக் கழற்றிவிட்டுக் கால் பெடலில் ஓட்டினார்கள். கை தகட்டை நகர்த்தும், கால் மிதிக்கும், மறுபடி கை, மறுபடி கால். ஒரு தடவை கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிட்டது.

வலது கட்டைவிரல் நடு மூட்டோடு போய்விட்டது. கத்தியில் அறுபட்ட விரலாக இருந்தால் ஐஸில் வைத்துக் கொண்டுவந்து திரும்பத் தைக்கலாம். பிரஸ்ஸில் நசுங்கியதில் தைக்க ஒன்றும் மிஞ்சாது. நல்ல விஷயம் ஒன்று உண்டு. மணிக்கட்டை ஒட்டிய அடி மூட்டும், அதை அசைக்கும் உள்ளங்கை மேட்டுச் சதையும் தப்பித்திருந்தன. கட்டைவிரல் உள்ளங்கையைத் தாண்டி வந்து மற்ற விரல்களைத் தொடுவது இந்த அடி மூட்டால்தான். இது இருந்தால் மேலே எதை வைத்தாலும் அசையும். இது போயிருந்தால் கால் விரலைக் கொண்டுவந்து நட்டாலும் அது கம்பம்தான்.

காயம் ஆறி மூன்று மாதம் கழித்துதான் இந்தப் பேச்சு நடந்தது. அந்த மூன்று மாதத்தில் அவருக்குப் பட்டனும் தீப்பெட்டியும் சட்டைப் பையும் எதிரியாகியிருந்தன. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை சாப்பாடு. சோற்றைப் பிசைவதும் உருட்டுவதும் நான்கு விரல்களின் வேலை, சரி. ஆனால் வாய்க்குள் தள்ளிவிடுவது கட்டைவிரல். அது இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள், பாதி சோறு மடியில் விழும். அவர் ஸ்பூனுக்கு மாறினார். கல்யாண வீட்டுப் பந்திக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

அட்டவணை சொல்லும் விலை

இழப்பீட்டு வழக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்ததால் வக்கீல் கொடுத்த தாள்களும் அவர் பையில் இருந்தன. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த, 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று இருந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்ற பட்டியல். ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். வேலை செய்யும் உடம்புக்கு அரசாங்கம் எழுதி ஒட்டிய விலைப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன்படி கை கட்டைவிரலுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் 7. கால் கட்டைவிரல் அடியோடு போனால் 14. காலின் மற்ற விரல்களில் எது போனாலும் 3.

இந்தப் பட்டியலை நான் முதலில் படித்தபோது கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஆள்காட்டி விரலும் கால் கட்டைவிரலும் ஒரே விலை. கை கட்டைவிரலும் ஒரு கண்ணின் பார்வையும் ஒரே விலை. கூட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நான்கு விரல்களையும் தனித்தனியாகக் கூட்டினால் 40 வரும். நான்கும் ஒன்றாகப் போனால் 50 என்கிறது பட்டியல். கட்டைவிரலின் 30-ஐ இந்த 50-உடன் சேர்த்தால் 80. ஆனால் ஐந்து விரலும் ஒன்றாகப் போனால் 60-தான். இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். விரல்கள் தனியாக வேலை செய்வதில்லை, ஒன்று போனால் பக்கத்தில் இருப்பது ஓரளவு தாங்கும், எல்லாம் போனால் தாங்க ஆளில்லை. பட்டியல் எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இந்த மாதிரி விலை போடுவது நேற்று வந்த பழக்கமும் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட எத்தல்பெர்ட் என்ற அரசனின் சட்டத்தில் கை கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங், கால் கட்டைவிரலை வெட்டினால் 10. நம் பட்டியலில் 30-க்கு 14. ஆயிரத்து முன்னூறு வருஷம் தாண்டியும் கால், கையின் பாதி விலையில்தான் நிற்கிறது.

ரூபாயில் சொன்னால் இன்னும் தெளிவு. அந்தச் சட்டம் கணக்கில் எடுத்த உச்சச் சம்பளம் மாதம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 26 வயதுக்கு உரிய பெருக்கு எண் 215.28. இந்த இரண்டையும் 30 சதவீதத்தையும் பெருக்கினால் கட்டைவிரலுக்கு 5,81,256 ரூபாய். கால் கட்டைவிரலுக்கு 2,71,253. அதற்கு அடுத்த கால் விரலுக்கு 58,126.

அப்படிப் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 3 கொடுத்து 30 வாங்கலாம் என்றால் எந்த மளிகைக் கடைக்காரரும் வாங்கிப் போட்டுவிடுவார். அம்மாவிடமும் ஒருவர் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அப்புறம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

என்னென்ன மாற்றலாம்

ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையில் பொருளை இடுக்கிப் பிடிக்கப் பலரும் தானாகவே கற்றுக்கொள்கிறார்கள். பீடி பிடிப்பது போன்ற பிடி அது. பேனா பிடிக்கும், ஸ்பேனர் பிடிக்காது.

இரண்டாவது வழியில் காலைத் தொடவே வேண்டாம். ஆள்காட்டி விரலையே வெட்டிக் குறுக்கி, திருப்பி, கட்டைவிரல் இருந்த இடத்தில் வைத்துவிடலாம். கையில் நான்கு விரல்தான் இருக்கும், ஆனால் அதில் ஒன்று கட்டைவிரலாக எதிர்ப்பக்கம் நிற்கும். பிறவியிலேயே கட்டைவிரல் இல்லாத குழந்தைகளுக்கு இதுதான் முதல் தேர்வு. 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் தாலிடோமைடு மாத்திரையால் கை குறைபட்டுப் பிறந்த குழந்தைகளுக்கு ஹாம்பர்க் சர்ஜன் டீட்டர் புக்-கிராம்கோ இந்த அறுவையைச் செய்து செய்து மெருகேற்றினார். அவர் 1971-இல் எழுதிய முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். அடி மூட்டும் சேர்ந்து போன கைக்கும் இதுவே நல்லது. ஆனால் நம் ஆளுக்கு அடி மூட்டு இருக்கிறது, நல்ல ஆள்காட்டி விரலும் இருக்கிறது. 30-ஐ அடைக்க 14-ஐ எடுப்பது, அதுவும் அதே கையிலிருந்து. உள்ளங்கையின் அகலம் குறையும், இறுக்கிப் பிடிக்கும் பலமும் குறையும். சர்ஜன் இதை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்.

மிச்சம் இருந்தது கால்.

தமிழில் ஒரு வசதி. கையில் இருப்பதும் விரல், காலில் இருப்பதும் விரல். இரண்டிலும் பெரியது கட்டைவிரல். இடம் மாறினால் புதுப் பெயர்கூட வைக்க வேண்டாம். உடம்பின் அமைப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. மற்ற எல்லா விரலிலும் மூன்று எலும்புத் துண்டுகள், கை கட்டைவிரலிலும் கால் கட்டைவிரலிலும் மட்டும் இரண்டு. இரண்டுக்கும் அகலமான நகம், உள்ளே தடித்த சதை. ஆள் மாறாட்டத்துக்குப் பொருத்தமான ஜோடி. கால் கட்டைவிரல் கொஞ்சம் பருமன் என்பதுதான் குறை. அதற்கும் தைவான் சர்ஜன் ஃபூ-சான் வேய் 1980-களில் வழி சொன்னார்: எலும்பையும் தோலையும் பக்கவாட்டில் செதுக்கி, மற்றக் கையின் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவருவது. சர்ஜனின் முதல் சிபாரிசு இதுதான். ஸ்பேனர் பிடிக்க, சுத்தியல் பிடிக்க, மூட்டை தூக்க இதற்கு நிகர் இல்லை.

விலை காலில் விழும். நடக்கும்போது ஒவ்வொரு அடியின் கடைசியிலும் தரையை உதைத்துத் தள்ளுவது கால் கட்டைவிரல். அது போனால் பாரம் பக்கத்து விரல்களின் அடிக்குப் போகும், அங்கே தோல் காய்த்துப்போகும். அதனால்தான் அடி எலும்பில் ஒரு சென்டிமீட்டராவது காலிலேயே விட்டுவைக்கிறார்கள். ஷூ போட்டுக்கொண்டு சமதளத்தில் நடப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது.

அந்த "ஷூ போட்டுக்கொண்டு" என்ற இடத்தில்தான் எனக்கு எப்போதும் இடறும். நம் ஊரில் எத்தனை பேர் நாள் முழுக்க ஷூ போடுகிறார்கள்? ஹவாய் செருப்பின் வார் எங்கே நுழைகிறது என்று குனிந்து பாருங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில். கட்டைவிரல் இல்லாத காலில் அந்தச் செருப்பு நிற்காது. அடுத்த விரலை எடுத்தால் இடைவெளி அகலமாகும், ஆனால் இரண்டு பக்கமும் பிடிக்க விரல் இருக்கும், செருப்பு தங்கும். வரப்பில் நடப்பதும் இப்படித்தான். ஈர மண்ணைக் கட்டைவிரல் கவ்விப் பிடிக்காவிட்டால் வழுக்கும். அவர் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. பட்டறை வேலை போனால் அதுதான் கதி என்று அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

ஆகவே அடுத்த விரல். அதற்குத் தமிழில் தனிப் பெயர் கிடையாது, மெட்டி விரல் என்றுதான் சொல்ல வேண்டும். எடுத்தால் காலில் குறை அவ்வளவாகத் தெரியாது, நடை மாறாது. ஆனால் கையில் வைத்தால் ஒல்லி, நுனிச் சதை குறுகல், மூன்று எலும்பு என்பதால் கொக்கி போல வளைந்துகொள்ளும் குணமும் உண்டு. பார்ப்பவருக்கு அது கால் விரல் என்று தெரிந்துவிடும். இதே விபத்து ஒரு பெண்ணுக்கு நடந்திருந்தால் கணக்கே வேறு. பட்டியலில் 3 போடப்பட்ட அந்த விரலில்தான் அவர் கல்யாணத்தன்று மெட்டி போட்டிருப்பார்கள். அதற்குச் சட்டத்தில் எங்கே வரி இருக்கிறது?

இதற்கு முன் மாற்றியவர்கள்

இந்த யோசனைக்கு வயது நூற்றுக்கு மேல். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கார்ல் நிகோலடோனி என்ற சர்ஜன் 1898-இல் ஒரு சிறுவனின் கால் விரலைக் கைக்கு மாற்றினார். அப்போது நுண் ரத்தக் குழாயைத் தைக்க வழி கிடையாது. அதனால் விரலைக் காலிலிருந்து முழுதாக வெட்டாமல், கையைக் கொண்டுபோய்க் காலோடு சேர்த்துத் தைத்து, அப்படியே நாட்கணக்கில் மாவுக்கட்டில் கட்டிவைத்தார். கையிலிருந்து புது ரத்த ஓட்டம் பிடித்த பிறகு கால் பக்கத்தை வெட்டினார். குந்தியபடி, கையும் காலும் ஒன்றாகக் கட்டுண்ட அந்தச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். எங்கள் வார்டில் யாராவது அலுத்துக்கொண்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பிறகு மைக்ராஸ்கோப் வந்தது. கலிஃபோர்னியாவில் ஹாரி பங்கி தன் வீட்டு கராஜிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக் குரங்குகளில் கால் கட்டைவிரலைக் கைக்கு மாற்றிக் காட்டி 1966-இல் வெளியிட்டார். அதே 1966-இல் ஷாங்காயில் யாங் டோங்-யூவே மனிதருக்கே கால் மெட்டி விரலைக் கட்டைவிரலாக வைத்தார். 1968-இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஜான் காபெட் கால் கட்டைவிரலையே மாற்றினார். இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்ட விமானப் படையினருக்கு முகம் திருத்திய அதே மருத்துவமனை அது.

தன் உடம்பிலிருந்தே எடுப்பதற்கு ஒரு பெரிய லாபம் உண்டு: உடம்பு அதை அந்நியன் என்று நினைக்காது. மற்றவருடைய கையை வாங்கி வைப்பது வேறு கதை. 1998-இல் பிரான்ஸின் லியோன் நகரில் நியூசிலாந்துக்காரரான கிளின்ட் ஹாலமுக்கு, இறந்த ஒருவரின் கையைப் பொருத்தினார்கள். உலகமே பார்த்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அவர் நடுவில் விட்டுவிட்டார். அந்தக் கை தன்னுடையதாகத் தோன்றவில்லை என்றும் சொன்னார். 2001-இல் அதை லண்டனில் வெட்டி எடுத்தார்கள். இரண்டு கையும் இல்லாதவருக்கு அந்த வியாபாரம் நியாயமானது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே 2018-இல் மின்சாரம் தாக்கி இரு கையும் இழந்த ஒருவருக்குச் செய்திருக்கிறார்கள். ஒரு கட்டைவிரலுக்காக ஆயுள் முழுக்க மாத்திரை என்பதை யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

இன்னொரு மாற்றையும் சொல்லாமல் போக மனமில்லை. கருவிழி முற்றிலும் கெட்டு, தானக் கண்ணும் பொருந்தாத நிலையில், நோயாளியின் கோரைப் பல்லைத் தாடை எலும்போடு எடுத்து, செதுக்கி, நடுவில் ஓட்டை போட்டு பிளாஸ்டிக் லென்ஸைப் பதித்து, கண்ணில் பொருத்துகிறார்கள். ரோமில் ஸ்ட்ராம்பெல்லி 1960-களில் தொடங்கியது. சென்னையிலும் நடக்கிறது. இழப்பீட்டு அட்டவணையில் பல்லுக்கு விலையே கிடையாது. இரண்டு கண்ணும் தெரியாமல் போவதற்கு 100. சுழியம் கொடுத்து நூறு. ஆனால் அதற்கு நல்ல பல் ஒன்று வேண்டும், வேரோடும் எலும்போடும். வெற்றிலை புகையிலையில் பல்லைத் தொலைத்தவருக்கு அந்த விலையில்லாப் பொருளே கையிருப்பில் இருக்காது.

பட்டியலில் இல்லாதது

அம்மாவின் கேள்விக்கு வருவோம். நடை கெடுமா என்று கேட்கிறார் என நினைத்து சர்ஜன் மூன்று தடவை நடையைப் பற்றியே பதில் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"கால்ல இருக்கறத எடுத்துக் கையில வெச்சா, அந்தக் கையில எப்படிங்க சோறு திங்கறது? துண்ணூறு எப்படி எடுத்துப் பூசறது?"

இது முட்டாள்தனம் இல்லை. யார் மேலாவது தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. புத்தகத்தில் கால் பட்டால் புத்தகத்தையும் கும்பிடுகிறோம். கால் என்றால் உடம்பில் கீழே இருக்கும் ஓர் உறுப்பு மட்டுமில்லை, மரியாதையின் அடிமட்டம் அது. அந்த விரல் வாய்க்கும் நெற்றிக்கும் ஏறுவது அவருக்கு நடையை விடப் பெரிய பிரச்சினை. எந்தச் சம்மதப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

நான் கண்ணப்பரைத்தான் துணைக்கு அழைத்தேன். சாமியின் கண்ணில் ரத்தம் வந்தபோது தன் கண்ணைப் பிடுங்கி அப்பினார். இரண்டாவது கண்ணையும் கொடுக்கும்போது இடம் தெரிய வேண்டும் என்று காலைத் தூக்கி சாமியின் கண்மேல் ஊன்றிக்கொண்டார். அதைச் சாமி ஏற்றுக்கொண்டது. கால் விரல் திருநீறு எடுப்பதையா ஏற்றுக்கொள்ளாது? அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் முகம் இளகியது. மருத்துவக் காரணங்கள் செய்யாததை அது கொஞ்சம் செய்தது என்று நினைக்கிறேன்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, நரம்பு விஷயம். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கால் விரலைக் கையில் வைக்கும்போது அதன் நரம்புகளைக் கை கட்டைவிரலின் பழைய நரம்பு முனைகளோடு தைக்கிறார்கள். அசைக்கும் தசைநார்களையும் அப்படியே. அதனால் மூளை "கட்டைவிரலை மடக்கு" என்றால் இது மடங்கும்; இதன் நுனியில் தொட்டால் மூளைக்குத் தெரிவது கட்டைவிரல். கால் என்ற விலாசமே அதற்கு இல்லாமல் போகிறது. ஆள்காட்டி விரலைத் திருப்பி வைத்திருந்தால் அதன் நரம்பு அதனுடையதாகவே இருந்திருக்கும்; இது இனி கட்டைவிரல் என்று மூளைதான் பாடம் படிக்க வேண்டும். மோதிர விரலின் பக்கத் தோலை நரம்போடு எடுத்துக் கட்டைவிரலில் வைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதில் கட்டைவிரலில் ஊசி குத்தினால் மோதிர விரல் வலிக்கிறது என்பார்கள். கையிலிருந்தே வந்தது கடைசிவரை விருந்தாளியாக நிற்கிறது, காலிலிருந்து வந்தது வீட்டு ஆளாகிவிடுகிறது.

முடிவும் பிறகும்

அவர் மெட்டி விரலைத் தேர்ந்தெடுத்தார். சர்ஜனுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. வயது 26, கை உழைப்பு, இன்னும் முப்பது வருஷம் பிடித்துத் திருக வேண்டிய கை. செதுக்கிய கட்டைவிரல்தான் சரி என்று அன்று நினைத்தேன், இன்றும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது. செருப்பும் வரப்பும் மட்டும் அவரைத் திருப்பவில்லை. "பெருசா ஒண்ணு எடுத்துட்டா, தெனமும் காலப் பாக்கறப்ப அதே ஞாபகமா இருக்கும்ங்க," என்றார். அதற்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை.

அறுவை அன்று இரண்டு குழுக்கள். ஒன்று காலில் ரத்தக் குழாயைத் தேடிப் பிரித்தது. பாதத்தின் மேல்பக்கத் தமனியிலிருந்து விரல் இடுக்குக்கு வரும் கிளை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஆழத்தில் ஓடும். சில கால்களில் சதைக்கு அடியில் ஒளிந்திருக்கும். மற்றக் குழு கையைத் திறந்து வைத்தது. பிறகு எலும்பைக் கம்பியால் இணைத்து, தசைநார், நரம்பு, கடைசியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள தமனியும் சிரையும். தலைமுடியை விட மெல்லிய நூல். கிளிப்பை எடுத்ததும் வெளுத்துக் கிடந்த விரல் மெல்ல சிவக்கும். அதைப் பார்த்தவர்கள் யாரும் மறப்பதில்லை.

அடுத்த சில நாட்கள் வார்டில் ஏ.சி. கிடையாது. காபி, டீ கிடையாது. பீடி, சிகரெட் வாசனையோடு யாரும் உள்ளே வரக்கூடாது, நிகோட்டின் குழாயைச் சுருக்கிவிடும். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் நகத்தை அழுத்திப் பார்ப்பார். வெளுத்தால் தமனி அடைப்பு, நீலம் பாரித்தால் சிரை அடைப்பு. எதுவானாலும் உடனே திரும்பத் தியேட்டர். அவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்பது எங்கள் தொழிலின் பொறுமைக் கணக்கு. நான்காவது மாதத்தில் நுனியில் ஏதோ ஊர்கிறது என்றார். ஒரு தட்டில் அரிசி, கொண்டைக்கடலை, ராகி மூன்றையும் வைத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பிரிக்க வைப்பேன். முதலில் கடலை மட்டும் பிடிபட்டது. அரிசிக்கு ஆறு மாதம் ஆனது. ராகி இன்னும் வரவில்லை. விரல் கொஞ்சம் கொக்கியாக வளைந்துதான் இருக்கிறது, இரவில் ஸ்ப்ளின்ட் கட்டி நீட்டி வைக்கிறார். பிடியின் பலம் மற்றக் கையில் பாதிகூட இல்லை. பிரஸ்ஸுக்குத் திரும்பவில்லை, வேறொரு பட்டறையில் பீஸ் சரிபார்க்கும் வேலை. பட்டன் போடுகிறார், சாவி திருப்புகிறார். பந்திக்குப் போகிறார். இலையில் உட்கார்ந்து அந்த விரலால் சோற்றைத் தள்ளிச் சாப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவர் கையையே பார்த்தாராம். "பாக்கட்டுமே" என்று இவர் ரசம் கேட்டிருக்கிறார்.

வழக்கு முடியும்போது 30-க்கு உரிய தொகையே வந்தது. கால் விரலின் 3-ஐ யாரும் பேசவில்லை. கையில் இருக்கும் கால் விரலுக்கு அந்த அட்டவணையில் எந்த வரியும் இல்லை.

ஒன்று விட்டுப்போனது, எந்தக் கால் என்பது. சர்ஜனின் குறிப்பில் வலது கால் என்றும், காரணம் நோயாளி பைக் ஓட்டுபவர், கியர் போட இடது காலின் விரல்கள் வேண்டும் என்றும் இருக்கிறது. அது உண்மையான காரணம்தான், நானும் அதைத்தான் நம்பினேன். அரிசியும் கடலையும் பிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவரே சொன்னார். முதல் நாளே சர்ஜனிடம் வலது காலில் இருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டதே அவர்தானாம். கியரை எல்லாம் அப்போது அவர் நினைக்கவே இல்லை.

"பெடல மிதிச்சது அந்தக் காலுதானுங்க," என்றார். கண்ணைத் திறக்காமல் அடுத்த கடலையைத் தேடினார்.